கரிப்பங்குடியின் முதல் குடம்

தாகம் எடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

தண்ணீர் குடிப்பீர்களா? நல்ல பிள்ளைகள். ஆனால் நீங்கள் கரிப்பங்குடியில் பிறந்திருந்தால் உங்களைப் பெரிய மனிதர் என்று ஒருவரும் மதித்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில் பெரிய மனிதருக்குத் தாகம் எடுத்தால், முதலில் பஞ்சாயத்துக் கூட்டுவார்.

ராசாக்கள் யானைமேல் போன காலம் அது. சனங்கள் நடந்தே போன காலம். ராசாவும் யானையும் போய்விட்டார்கள், நடைமட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

கரிப்பங்குடியில் கிணறு இருந்தது. கிணற்றில் தண்ணீரும் இருந்தது. வாயில் வைத்தால்தான் விஷயம் தெரியும். அவ்வளவு உப்பு! அந்த ஊரில் குழம்புக்குத் தனியாக உப்புப் போடுகிற வழக்கமே கிடையாது. வெளியூர் மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் முதல் வாய் சோற்றிலேயே கண் கலங்கிவிடுவார். "பாருங்க, மாமனார் வீட்டுமேல மாப்பிள்ளைக்கு எம்புட்டுப் பாசம்!" என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

நல்ல தண்ணீர் வேண்டுமானால் காட்டாற்றுக்குப் போக வேண்டும். ஆறு என்றதும் ஓடுகிற ஆறு என்று நினைத்துவிடாதீர்கள். மணல்தான் கிடக்கும். மணலைத் தோண்டி, ஊற்றுக் கசிகிற வரைக்கும் குத்தவைத்துக் காத்திருந்து, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்ற வேண்டும். விடியும்போது போன பெண்கள் உச்சி வெயிலில்தான் திரும்புவார்கள். வந்து இறக்கியதும் வீட்டிலிருக்கிற ஆண்பிள்ளை கேட்பான்: "ஏன் இவ்வளவு நேரம்?"

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். மண்வெட்டுகிற குடும்பம். அவள் புருஷன் வேறு ஏதோ சீமையில் கண்மாய் வெட்டப் போயிருந்தான். வீட்டில் அவளும், அப்போதுதான் பால் மறந்த மகள் ராக்குவும், ஒரு கழுதையும். கழுதை சாம்பல் நிறம், பெயர் வெள்ளையன். பெயர் வைத்த அன்றைக்குக் குளித்திருந்தது போல.

பால் குடிக்கிறவரைக்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பால் மறந்து கிணற்றுத் தண்ணீர் உள்ளே போனதும் வந்தது வினை. குடித்தால் வயிற்றுவலி. வலித்தால் அழுகை. அழுதால் தாகம். தாகம் எடுத்தால் மறுபடி அதே தண்ணீர். ராக்கு நாளுக்கு நாள் நூலாய் இளைத்துக்கொண்டே வந்தாள். ஆற்றுக்குப் போய்வரலாமென்றால் நோயாளிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மணலில் எவ்வளவு நேரம் தோண்டுவாள் ஒருத்தி? முடிந்த நாளில் போனாள். முடியாத நாளில் பிள்ளையின் முகத்தையும் கிணற்றின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் இந்த ஊர் உப்பின் சேதி ராசாவின் காதுக்கு எட்டியது. "அங்கே ஓர் ஊருணி வெட்டுங்கள்" என்று உத்தரவு போட்டார்.

ஊருணி தெரியும்தானே? மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கிற குடிதண்ணீர்க் குளம். அதில் கால் கழுவக் கூடாது. ஆடுமாடு இறங்கக் கூடாது. செருப்போடு கரை ஏறக் கூடாது. சுற்றிலும் முள்வேலி கட்டி, போகவர ஒரே ஒரு படல் வைத்திருப்பார்கள். பெற்ற பிள்ளையைப் போல் காப்பாற்றுகிற தண்ணீர் அது.

ஊரே திரண்டு வெட்டியது. ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் அள்ளினார்கள், வெள்ளையன் சுமந்தான். இரண்டு பக்கமும் மண்பொதி தொங்க, பள்ளத்திலிருந்து கரைக்கு, கரையிலிருந்து பள்ளத்துக்கு. முதுகில் முடி உதிர்ந்து தோல் தெரிகிற வரைக்கும் சுமந்தான்.

ஊரில் மூன்று பெரிய வீடுகள். மேலவீடு, நடுவீடு, கீழவீடு. அவர்களும் சும்மா இருக்கவில்லை.

மேலவீட்டார் ஊருணிக்கு இடம் கொடுத்தார். ஓணான்கூடக் குடியிருக்க யோசிக்கிற பொட்டல்.

நடுவீட்டார் ராசாவின் உத்தரவைத் தலைநகரத்துக்குப் போய் வாங்கி வந்தார். அரண்மனைச் சாப்பாடு பிடித்துப்போனதால் வருவதற்குக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வந்தார்.

கீழவீட்டார் முதல் வெட்டுக்கு நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். வெட்டியது வேறு ஆள். நேரம் மட்டும் அவருடையது.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஊருணி மேல்படி வரைக்கும் நிரம்பித் தளும்பியது. சடைச்சி குடத்தைப் புளி போட்டு விளக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். மற்றப் பெண்களும் ஓடினார்கள்.

படல் சாத்தியிருந்தது. படலுக்கு முன்னால் மூன்று பெரிய மனிதர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரும் தொடக் கூடாது. முதல் குடம் யாருக்குன்னு இன்னும் தீரல."

முதல் குடம் என்றால் லேசுப்பட்டதல்ல. புதுத் தண்ணீரில் முதல் குடம் எடுக்கிறவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, மேளம் அடித்து முதல் மரியாதை செய்வார்கள். அப்புறம் பேரன் பேத்தி காலம்வரைக்கும் அந்த வீட்டுக்கு 'முதல் குடத்து வீடு' என்றே பேர் நிற்கும். பேர் கிடைக்கும் என்றால் சோறு தண்ணியை மறக்கிற ஆட்கள் நம் ஊரில் எப்போதுமே உண்டு. அடுத்தவர் தண்ணீரை மறப்பது இன்னும் சுலபம்.

புளியமரத்தடியில் கூட்டம் கூடியது.

மேலவீட்டார் தன் பாட்டனாரில் ஆரம்பித்தார். நடுவீட்டார் பூட்டனாரில் ஆரம்பித்தார். கீழவீட்டார் அதற்கும் மேலே போய், பேர் தெரியாத ஒருவரில் ஆரம்பித்தார். பொழுது சாய்ந்தது. பாட்டன்மார் முடியவில்லை.

சடைச்சி ராக்குவைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, பிள்ளைக்கு வயிறு சரியில்லீங்க. ஒரு செம்புத் தண்ணி மட்டும் மொண்டுக்கிறேன்."

மேலவீட்டார் பதறிப்போனார். "ஏத்தா, ஒரு செம்பு எடுத்தா அதுதானே முதல் தண்ணி? நீ எடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

"அதைத்தாங்க நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு சடைச்சி திரும்பி நடந்தாள்.

இரண்டாவது கூட்டம் கூடியபோது ஒரு படி வற்றியிருந்தது. அன்றைக்கு ஒரு யோசனை பிறந்தது. மூன்று பேரும் மூன்று குடத்தை ஒரே சமயத்தில் தண்ணீரில் அமுக்கிவிட்டால் மூன்றுமே முதல் குடம்தானே! குயவரிடம் சொல்லி ஒரே அச்சாக மூன்று குடம் செய்தார்கள். ஒத்திகை வேண்டாமா? வறண்ட தரையில் மூன்று பெரிய மனிதர்களும் வரிசையாகக் குனிந்து, இல்லாத தண்ணீரில் குடத்தை அமுக்கிப் பழகினார்கள். ஊரே சோலியை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது.

"உம்ம குடந்தான் முன்னால சாஞ்சது!"

"என் குடம் எங்கய்யா சாஞ்சது? உம்ம தொந்தி இடிச்சு நான் சாஞ்சேன்!"

"அது கிடக்கட்டும், நடுவுல நிக்கிறது யாரு?"

நடுவில் நிற்பவருக்குத்தானே மதிப்பு! "நடுவீடுன்னா நடுவுலதான் நிக்கணும்" என்றார் நடுவீட்டார். அவ்வளவுதான். மூன்று குடமும் ஒன்றோடொன்று மோதி ஓடாகிப் போனது.

அன்றைக்கும் சடைச்சி கேட்டாள். "ஐயா, ஒரு செம்பு."

"பொறு ஆத்தா. ஊர் விவகாரம் பேசும்போது பொம்பளை குறுக்க வரப்படாது" என்றார் நடுவீட்டார். அவர் வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீரை ஆள் வைத்துச் சுமந்து கொண்டுவந்தார்கள். பொறுமை அவருக்குச் சிரமமாக இல்லை.

மூன்றாவது கூட்டத்தில் திருவுளச்சீட்டுப் போடலாம் என்று முடிவாயிற்று. பேர் எழுதிய மூன்று ஓலை நறுக்கையும் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது கீழவீட்டார் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. சீட்டை முதல்ல எடுக்கிறது யாரு?"

பானையை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூன்று பேரும் சேர்ந்து ஊருணிக்குப் போனார்கள். அதற்குமட்டும் வரிசை பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கரையேறி, எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கு, அவசரமில்லை" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

சடைச்சி படலுக்கு வெளியே நின்று பார்த்தாள். படி படியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. முன்பு முழுகிக் கிடந்த படிகளெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. அவள் தோளில் ராக்கு துவண்டு கிடந்தாள். அழுவதைக்கூட நிறுத்தியிருந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படாத சடைச்சிக்கு, அழாத பிள்ளையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

இரண்டு தரம் கேட்டாயிற்று. இனிக் கேட்கிற பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தாள். மேலவீடு எடுத்தால் நடுவீடு மண்டையை உடைக்கும். நடுவீடு எடுத்தால் கீழவீடு குடிசையைக் கொளுத்தும். நான் எடுத்தால் மூன்று வீடும் முதல்முறையாக ஒற்றுமையாகி என்னை ஊரைவிட்டே விரட்டும். மனிதர் யார் எடுத்தாலும் வம்பு. அப்படியென்றால்?

வாசலில் வெள்ளையன் உப்புத் தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினான்.

சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

மறுநாள் உச்சிப்பொழுதில் மறுபடி கூட்டம். ஊர் முழுக்கப் புளியமரத்தடியில். சடைச்சி கிணற்றுத் தண்ணீரால் வெள்ளையனின் குளம்புகளைத் தேய்த்துக் கழுவினாள். வாயைத் துடைத்துவிட்டாள். செருப்போடு கரையேறிய பெரிய மனிதர்களைவிடச் சுத்தமாகத்தான் அவன் அன்றைக்குப் புறப்பட்டான். படலைத் திறந்து, தண்ணீருக்கு மேலே இருந்த காய்ந்த படியோடு நிறுத்தினாள். வெள்ளையன் கழுத்தை நீட்டி உறிஞ்சினான். சாவகாசமாக, கண்ணை மூடி, சத்தம் கேட்க உறிஞ்சினான்.

அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றாள். அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயையோ! ஓடியாங்களேன்! கழுதை முதல் தண்ணியைக் குடிச்சிருச்சே! ஊர் மானம் போச்சே!"

ஊர் ஓடிவந்தது. பெரிய மனிதர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வெள்ளையன் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தான். பார்த்தவுடன் பாட ஆரம்பித்துவிட்டான். மேளம் இல்லாத குறையை அவன் குரல் தீர்த்தது.

"கழுதைக்கு அபராதம் போடுங்க!" என்றார் கீழவீட்டார்.

"போடுங்க சாமி. அது கட்டுனா எனக்கென்ன?" என்றாள் சடைச்சி.

"கழுதை குடிச்சது கணக்கில்ல" என்றார் மேலவீட்டார்.

"அப்ப அது குடிக்கலைன்னு இத்தனை பேர் முன்னால சத்தியம் பண்ணுங்க."

மேலவீட்டார் வெள்ளையனின் ஈரத் தாடையைப் பார்த்துவிட்டு, தூக்கிப் பிடித்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.

சடைச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பவ்வியமாகக் கேட்டாள்: "சரிங்க. முதல் வரிசை போனது போச்சு. கழுதைக்கு அடுத்த ரெண்டாவது வரிசை எந்த வீட்டுக்கு? சொன்னீங்கன்னா படலைத் திறந்து விட்டுருவேன்."

அப்புறம் பாருங்கள், அந்த மூன்று பேருக்கும் எங்கிருந்துதான் அந்தப் பணிவு வந்ததோ!

"நடுவீட்டார்தான் மூத்தவரு. அவரே எடுக்கட்டும்" என்றார் மேலவீட்டார்.

"சேச்சே, இடம் குடுத்த புண்ணியவான் இருக்கும்போது நானா? நீங்க எடுங்க" என்றார் நடுவீட்டார்.

"எனக்கு இந்த ஆசையெல்லாம் எப்பவுமே கிடையாது" என்றார் கீழவீட்டார்.

"அட, நீங்க எடுங்க."

"இல்லைங்க, நீங்க எடுங்க."

கழுதைக்குப் பின்னால் நிற்க ஒருவருக்கும் மனசில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருக்கும்போதே பெண்கள் குடத்தோடு படியிறங்கிவிட்டார்கள். யார் ரெண்டாவது, யார் மூணாவது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

சடைச்சி ஒரு செம்பு மொண்டு, பிள்ளையின் உதட்டை முதலில் நனைத்தாள். ராக்கு நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். கரிக்கவில்லை. கண்ணை விரித்து அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாசி முடிவதற்குள் பிள்ளை தேறி, வெள்ளையனின் வாலைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இத்தோடு பெரிய மனிதர்கள் திருந்தினார்களா என்று கேட்கிறீர்களா? திருந்திவிட்டால் அப்புறம் அவர்களை எப்படிப் பெரிய மனிதர் என்று சொல்வது!

அடுத்த மழை வந்தது. ஊருணி மறுபடி நிரம்பியது. "போன தடவை நடந்தது விபத்து. இந்த வருஷம் முறைப்படி நடத்துவோம்" என்று மூன்று பேரும் படலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். அதோடு விடவில்லை. ஆளாளுக்கு ராசாவுக்குச் சேதி அனுப்பிவைத்தார்கள், முதல் குடம் தனக்கே என்று ராசா வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று. மூன்று சேதி போனதும், என்னவோ பெரிய கலகம் போலிருக்கிறது என்று ராசா யானையேறிப் புறப்பட்டே விட்டார்.

வெயிலில் வந்து சேர்ந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "முதலில் கொஞ்சம் தண்ணீர்" என்றார்.

"இதோ, வரிசை முடிவானதும் தந்துவிடுகிறோம் மகாராசா" என்று மேலவீட்டார் கும்பிட்டார். பாட்டனாரில் ஆரம்பித்தார். நடுவீட்டார் பூட்டனாரில் ஆரம்பித்தார். கீழவீட்டார் அந்தப் பேர் தெரியாதவரைத் திரும்பவும் கூட்டிவந்தார். ராசாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சடைச்சி வந்தாள். இடுப்பில் ராக்கு, கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் குளம்பு கழுவிய வெள்ளையன். பெரிய மனிதர்கள் படலை விட்டு ராசாவின் யானையைச் சுற்றி நின்று பேச்சு மும்முரத்தில் இருந்தார்கள், பார்க்கவில்லை. படலைத் திறந்தாள். வெள்ளையன் கழுத்தை நீட்டி உறிஞ்சினான்.

அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், ராசா யானையிலிருந்து குதித்தார். மிதியடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியிறங்கினார். கழுதைக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். மற்ற நாளில் ராசா எப்படியோ, தெரியாது. அன்றைக்கு அவருக்குத் தாகம் இருந்தது. அதனால் புத்தியும் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு முன்னால் குடித்த இந்தப் புண்ணியவான் யார்?"

"இந்த ஊருணி மண்ணைச் சுமந்தவன், மகாராசா" என்றாள் சடைச்சி. முடி முளைக்காத முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

ராசா அந்த முதுகைப் பார்த்தார். திரும்பி, மூன்று பெரிய மனிதர்களின் முதுகையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். அதில் சந்தனத்தைத் தவிர ஒன்றும் இல்லை. "பரிவட்டத்தைக் கொண்டு வாருங்கள்" என்றார். தன் கையாலேயே வெள்ளையனுக்குக் கட்டினார். காதுக்கு இரண்டு ஓட்டை விட்டுக் கட்ட வேண்டியிருந்தது. "வருஷா வருஷம் முதல் மரியாதை இவனுக்கே. இவன் குடித்த மறு நொடி, தாகம் எடுத்தவர் எல்லாரும் குடிக்கலாம். வரிசை கேட்கிறவர் ஊற்றுத் தோண்டப் போகட்டும்."

யானை போய்விட்டது. ஆனால் பெரிய மனிதர்களின் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கழுதைக்கு அடுத்து ராசாவே குடித்துவிட்டாரே! அப்படியென்றால் கழுதைக்குப் பின்னால் இருப்பது ராசாவின் இடமாயிற்றே! போன வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிய இடத்துக்கு இந்த வருஷம் தள்ளுமுள்ளு. சரி, மற்றவர்கள்தான் வரிசை இல்லாமல் குடிக்கிறார்களே, கழுதைக்கு மிக நெருக்கமாக நிற்பது யார்? கயிறு பிடிக்கிறவர்தானே!

அன்றுமுதல் வெள்ளையனுக்கு யோகம். மேலவீட்டிலிருந்து பசும்புல் வந்தது. நடுவீட்டிலிருந்து பருத்திக்கொட்டை வந்தது. கீழவீட்டார் கழுதைக்குச் சாதகமே எழுதிக் கொண்டுவந்து, ராசயோகம் இருக்கிறது என்று வாசித்துக் காட்டினார். வெள்ளையன் புல்லைத் தின்றான், பருத்திக்கொட்டையைத் தின்றான், சாதகத்தையும் தின்றான்.

தண்ணீரில் முதல் உரிமை தாகத்துக்குத்தான், அதை மறந்து மரியாதைக்கு அடித்துக்கொள்கிறவர்கள் கடைசியில் கழுதைக்குப் பக்கத்தில் நிற்கவும் கெஞ்சத்தான் வேண்டியிருக்கும்.

நான் கதைக்காகச் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சடைச்சி முற்றத்தில் ராக்குவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மேலவீட்டார் வந்தார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சடைச்சி, தாயி, இந்த வருஷம் கயித்தை என் கையில குடுக்கணும்னு, எனக்காக உன் கழுதைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேன்."